அணை திறந்தும் தண்ணீர் வரவில்லை: ஆங்கிலத்தில் முரணைச் சொல்லும் சொற்கள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு எழுதிய யாருக்கும் அந்தக் கட்டம் போட்ட அட்டவணை மறந்திருக்காது. சிம்பிள் என்றால் 'இன் ஸ்பைட் ஆஃப்', காம்ப்ளெக்ஸ் என்றால் 'தோ' அல்லது 'ஆல்தோ', காம்பவுண்ட் என்றால் 'பட்'. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மற்ற இரண்டாக மாற்றச் சொல்வார்கள், மாற்றினால் மார்க். அட்டவணையில் தப்பில்லை. அதை மனப்பாடம் செய்தவர்கள் மனதில் தங்கிப்போன நினைப்பில்தான் தப்பு: எல்லாம் ஒரே பொருள், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம் என்று. அதனால்தான் காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்'டும் வந்து உட்காருகிறது, 'டிஸ்பைட்' பின்னால் ஒரு 'ஆஃப்' ஒட்டிக்கொள்கிறது.

இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். நான் சொல்ல வருவது எந்த மாதிரி முரண்? இந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வரலாம்? இரண்டாவதில்தான் சிக்கல் அதிகம் என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வோம்.

உதாரணத்துக்கு டெல்டாவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம்: "மேட்டூர் திறந்தும் நமக்குத் தண்ணி வரல." மேட்டூரில் ஷட்டரைத் தூக்கிய தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அதற்கப்புறம் கிளை ஆறு, வாய்க்கால் என்று சுற்றித்தான் கீழ்வேளூர், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்கு வரவேண்டும். எனவே இந்த வாக்கியத்துக்கு டெல்டாவில் பஞ்சமே கிடையாது. இதையே ஆங்கிலத்தில் விதவிதமாகச் சொல்லிப் பார்ப்போம்.

முரண் இரண்டு வகை

அணை திறந்தால் தண்ணீர் வரும் என்று எதிர்பார்க்கிறோம். வரவில்லை. முதல் செய்தி கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பை இரண்டாவது செய்தி உடைக்கிறது. இதற்கு எதிர்பார்ப்பு முரண் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இன்னொரு வகை இருக்கிறது. குறுவைக்குப் போடும் ஆடுதுறை 43 (ஏ.டி.டி. 43) நெல் ரகம் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். சம்பாவுக்குப் போடும் சி.ஆர். 1009-க்கு 150 நாளுக்கு மேல் ஆகும். இதில் அதிர்ச்சி ஏதுமில்லை. ஒன்று குறுகிய கால ரகம், மற்றது நீண்ட கால ரகம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டுகிறோம், அவ்வளவுதான். இது ஒப்பீட்டு முரண்.

ஒப்பீட்டு முரணுக்கென்றே ஆங்கிலத்தில் இருக்கும் சொல் 'வேராஸ்'. "ஏ.டி.டி. 43 டேக்ஸ் அபவுட் 110 டேஸ், வேராஸ் சி.ஆர். 1009 டேக்ஸ் மோர் தேன் 150." இந்த இடத்தில் 'ஆல்தோ' போட்டால் படிக்கிறவர் நின்றுவிடுவார். ஏன், இரண்டும் ஒரே நாளிலா விளைய வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று அவருக்குத் தோன்றும். 'ஆல்தோ', 'டிஸ்பைட்', 'ஈவன் தோ' எல்லாம் எதிர்பார்ப்பு முரணுக்கான சொற்கள். 'பட்' மட்டும் இரண்டு பக்கமும் போய்வரும். அதனால்தான் அது இல்லாமல் யாருக்கும் பொழுது போவதில்லை.

ஒரே செய்தியை இரண்டு வகையிலும் சொல்ல முடியும் என்பது இதில் ரசமான விஷயம். 2025-ல் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தது. 2024-ல் அணையில் தண்ணீர் போதாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். "இன் 2025 தி டேம் வாஸ் ஓப்பன்ட் ஆன் ஜூன் 12, வேராஸ் இன் 2024 இட் வாஸ் ஓப்பன்ட் ஆன் ஜூலை 28" என்றால் இரண்டு வருடத்தையும் ஒப்பிடுகிறீர்கள். "ஆல்தோ தி டேம் இஸ் யூஷுவலி ஓப்பன்ட் ஆன் ஜூன் 12, இன் 2024 இட் வாஸ் ஓப்பன்ட் ஆன் ஜூலை 28" என்றால் வழக்கம் உடைந்ததைச் சொல்கிறீர்கள். 'யூஷுவலி' என்ற ஒரு சொல் எதிர்பார்ப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அதற்குப் பிறகு 'ஆல்தோ' பொருந்துகிறது.

ஆக, வாக்கியத்தைச் சொன்னதும் கேட்பவர் "அட, ஏன் அப்படி?" என்று கேட்பாரா, "சரி" என்று தலையாட்டுவாரா என்று பாருங்கள். "அட" என்றால் 'ஆல்தோ' குடும்பம். "சரி" என்றால் 'வேராஸ்'.

டிராக்டரும் டிரெய்லரும்

அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிப்போகும் டிராக்டரைப் பாருங்கள். டிராக்டர் தனியாக ஓடும், தனியாக நிற்கும். பின்னால் மாட்டும் இரண்டு சக்கர டிரெய்லருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொக்கியைக் கழற்றிவிட்டால் மூக்கு தரையில் குத்திக்கொண்டு நிற்கும்.

ஆங்கில வாக்கியத்திலும் இப்படி இரண்டு வகை உண்டு. "தி வாட்டர் டிட் நாட் ரீச் அஸ்" என்பது டிராக்டர். எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, தனியாக நின்றாலும் பொருள் முழுமை. இதை முதன்மை வாக்கியம் என்பார்கள். "ஆல்தோ தி டேம் வாஸ் ஓப்பன்ட்" என்பது டிரெய்லர். இதிலும் எழுவாயும் வினையும் இருக்கின்றன. ஆனால் 'ஆல்தோ' என்ற கொக்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. மாட்ட ஒரு டிராக்டர் வேண்டும். இது சார்பு வாக்கியம். இதை எழுதி முற்றுப்புள்ளி வைப்பது டிரெய்லரை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி. வாட்ஸ்அப்பில் ஓடிவிடும், வேலைக்கான விண்ணப்பத்தில் ஓடாது.

ஆங்கில டிரெய்லருக்கு ஒரு வசதி, முன்னாலும் வரலாம் பின்னாலும் வரலாம். "ஆல்தோ தி டேம் வாஸ் ஓப்பன்ட், தி வாட்டர் டிட் நாட் ரீச் அஸ்." "தி வாட்டர் டிட் நாட் ரீச் அஸ் ஆல்தோ தி டேம் வாஸ் ஓப்பன்ட்." முன்னால் வந்தால் அது முடிகிற இடத்தில் காற்புள்ளி வைக்கவேண்டும், பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம்.

'பட்' வேலை செய்வது வேறு மாதிரி. அது இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கட்டிய கயிறு. "தி டேம் வாஸ் ஓப்பன்ட், பட் தி வாட்டர் டிட் நாட் ரீச் அஸ்." இரண்டு பக்கமும் முழு வாக்கியம், எது ஒன்றும் மற்றதை நம்பி நிற்கவில்லை. கயிறு நடுவில்தான் இருக்க முடியும் என்பதால் 'பட்' பகுதியைத் தூக்கி முன்னால் போட முடியாது. 'யெட்' என்பதும் இதே கயிறுதான், கொஞ்சம் புத்தக வாடை கூடுதல்.

இனி அந்தப் பிரபலமான பிழை. "ஆல்தோ தி டேம் வாஸ் ஓப்பன்ட், பட் தி வாட்டர் டிட் நாட் ரீச் அஸ்." கொக்கியும் போட்டுக் கயிறும் கட்டியாயிற்று. ஆங்கிலத்தில் ஓர் இணைப்புக்கு ஒரு சொல்தான், இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். எதை எடுத்தாலும் வாக்கியம் சரியாகிவிடும்.

இந்தப் பிழை நமக்கு ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது? கவனக்குறைவு என்று அடித்துவிடுகிறார்கள் வாத்தியார்கள், அது நியாயமில்லை. தமிழில் முரண் எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்: "மேட்டூர் திறந்தும்". வினையின் கடைசியில் வரும் 'உம்'மில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் அந்த 'உம்' சரியாக இரண்டு செய்திகளும் சந்திக்கிற இடத்தில் விழுகிறது. நம் காதுக்கு முரண் என்றால் நடுவில் கேட்கவேண்டும். ஆங்கிலத்தில் 'ஆல்தோ' வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடுகிறது. அதைச் சொல்லிவிட்டு நடுவுக்கு வரும்போது அங்கே ஒன்றுமில்லை, வெறும் காற்புள்ளி. வாய் தானாக ஒரு 'பட்' போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே 'ஆல்தோ' என்று ஆரம்பித்தால் நடுவில் மூச்சு மட்டும் விடுங்கள், சொல் வேண்டாம்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'தோ' போட்டு நடுவில் 'யெட்' போட்ட வாக்கியங்களைப் பார்த்திருப்பீர்கள். அது பழைய நடை, அங்கீகரிக்கப்பட்டதுதான். அதை வைத்துக்கொண்டு 'ஆல்தோ'வுக்கு 'பட்'டைச் சேர்க்க அனுமதி கேட்க முடியாது.

மூன்றாவதாக 'ஹவெவர்'. பொருளில் 'பட்' மாதிரியே இருப்பதால் இதையும் கயிறு என்று நினைத்து, முன்னால் ஒரு காற்புள்ளி வைத்து இரண்டு வாக்கியத்தை ஒட்டிவிடுகிறார்கள். 'ஹவெவர்' எதையும் இணைக்காது. இரண்டு டிராக்டர்கள் தனித்தனியாகப் போகின்றன, இரண்டாவதில் ஒரு கொடி கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். "தி டேம் வாஸ் ஓப்பன்ட். ஹவெவர், தி வாட்டர் டிட் நாட் ரீச் அஸ்." முன்னால் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி. கொடியை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்பதால் "தி வாட்டர், ஹவெவர், டிட் நாட் ரீச் அஸ்" என்றும் எழுதலாம். 'பட்'டை இப்படி நகர்த்திப் பாருங்கள், நகராது.

இதுவரை பார்த்தது: 'பட்', 'யெட்' இரண்டு முழு வாக்கியங்களை நடுவில் நின்று கட்டும். 'ஆல்தோ' ஒரு வாக்கியத்தைச் சார்பு வாக்கியமாக்கி இன்னொன்றில் மாட்டும். 'ஹவெவர்' கட்டவும் செய்யாது, மாட்டவும் செய்யாது; முரண் வருகிறது என்று அறிவிக்கும்.

'டிஸ்பைட்' பின்னால் வாக்கியம் வராது

'டிஸ்பைட்', 'இன் ஸ்பைட் ஆஃப்' இரண்டும் இலக்கணப்படி இணைப்புச்சொற்களே அல்ல. இவை பிரெப்போசிஷன் இனம். அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் சொற்கள். எனவே இவற்றின் பின்னால் ஒரு பெயரைத்தான் வைக்க முடியும், எழுவாயும் வினையுமாக ஒரு வாக்கியத்தை வைக்க முடியாது. டிரெய்லர் வேண்டாம், ஒரு மூட்டையை டிராக்டரிலேயே ஏற்றிக்கொண்டு போகிறோம்.

கொள்முதல் நிலையத்துக்கு வருவோம். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் இருக்கலாம் என்பது வழக்கமான வரம்பு. மழை பெய்தால் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை போகும். ஈரம் கூடுதலாக இருந்தும் நெல்லை எடுத்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். "டிஸ்பைட் தி மாய்ஸ்சர், தி பேடி வாஸ் அக்செப்டட்." 'மாய்ஸ்சர்' என்பது பெயர், ஆகவே சரி. "டிஸ்பைட் தி பேடி வாஸ் வெட்" என்றால் தவறு, மூட்டை வைக்கும் இடத்தில் டிரெய்லரைத் தூக்கி வைத்தாயிற்று. அதைத்தான் சொல்லவேண்டும் என்றால் 'ஆல்தோ'வுக்குப் போய்விடுங்கள்: "ஆல்தோ தி பேடி வாஸ் வெட், இட் வாஸ் அக்செப்டட்."

'டிஸ்பைட்' பின்னால் 'ஆஃப்' வராது. 'இன் ஸ்பைட்' பின்னால் 'ஆஃப்' வந்தே தீரும். இதற்குக் காரணம் தேடிப் பிரயோஜனமில்லை, ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வினையைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் அதை 'இங்' போட்டுப் பெயராக்கிக்கொள்ளலாம். "டிஸ்பைட் பீயிங் வெட், தி பேடி வாஸ் அக்செப்டட்." நனைந்தது யார்? காற்புள்ளிக்குப் பின்னால் உடனே வருகிற எழுவாய்தான். இங்கே நெல், ஆகவே பிரச்சினை இல்லை. இதையே "டிஸ்பைட் பீயிங் வெட், தி ஆபீசர் அக்செப்டட் தி பேடி" என்று எழுதினால் நனைந்தவர் அதிகாரி. கிண்டலாக எழுதும்போது சரி, மனுவில் கூடாது.

இன்னொரு வழி 'டிஸ்பைட் தி ஃபேக்ட் தட்' என்று நீட்டி அதற்குப் பின்னால் முழு வாக்கியம் வைப்பது. இலக்கணப்படி சரி. 'ஆல்தோ' என்ற ஒரே சொல்லில் முடிகிற வேலைக்கு நான்கு சொல் எதற்கு என்பது என் கட்சி.

நடந்ததா, நடந்தால்தானா?

'ஈவன் தோ', 'ஈவன் இஃப்' இரண்டையும் நாம் கலந்துகட்டி அடிப்பதற்குத் தமிழின் 'ஆலும்' ஒரு காரணம். "மழை பெய்தாலும் நெல் காயும்" என்று இனி வரப்போவதைச் சொல்லவும் 'ஆலும்'. "மழை பெய்தாலும் நெல் காய்ந்துவிட்டது" என்று நடந்துமுடிந்ததைச் சொல்லவும் 'ஆலும்'. ஒரே விகுதி இரண்டு வேலை பார்க்கிறது. ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது. உண்மையில் நடந்தது என்றால் 'ஈவன் தோ' (இது 'ஆல்தோ'வையே கொஞ்சம் அழுத்திச் சொல்வது). நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் 'ஈவன் இஃப்'.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஆட்களை முகாமுக்குக் கொண்டுபோகலாம், தென்னையைக் கொண்டுபோக முடியுமா? பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. "ஈவன் தோ தி வார்னிங் கேம் இன் டைம், தி ட்ரீஸ் குட் நாட் பி சேவ்ட்." இது நடந்த கதை. அடுத்த புயலைப் பற்றிப் பேசினால்: "ஈவன் இஃப் தி வார்னிங் கம்ஸ் இன் டைம், தி ட்ரீஸ் கேனாட் பி சேவ்ட்."

குழப்பம் வந்தால் தமிழில் 'ஆலும்' இருக்கும் இடத்தில் வெறும் 'உம்' போட்டுப் பாருங்கள். "எச்சரிக்கை வந்தும் காப்பாற்ற முடியவில்லை" என்று பொருந்தினால் நடந்தது, 'ஈவன் தோ'. "வந்தும் காப்பாற்ற முடியாது" என்று இடறினால் 'ஈவன் இஃப்'.

'வைல்' பற்றி ஒரு வார்த்தை. இதற்கு 'அதே நேரத்தில்' என்ற பொருளும் உண்டு, ஒப்பீட்டு முரணும் உண்டு. எந்தப் பொருள் என்று படிப்பவர் தடுமாறும்படி இருந்தால் 'வேராஸ்' போட்டுவிடுங்கள், அதற்கு 'அதே நேரத்தில்' என்ற பொருள் கிடையாது.

பேச்சில் 'தோ' வாக்கியத்தின் வாலில் வரும். "இட் இஸ் காஸ்ட்லி. இட்ஸ் குட், தோ." நாம் "விலை ஜாஸ்தி, நல்லா இருக்கு ஆனா" என்கிறோமே, அதேதான். அந்த இடத்தில் 'ஆல்தோ' வராது. நம் ஆட்கள் அங்கே 'பட்' போட்டு நிறுத்துவார்கள். கேட்கிற வெளியூர்க்காரர் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார். இதற்கு நேரெதிர் ஓரத்தில் 'நெவர்தெலெஸ்', 'நாட்வித்ஸ்டாண்டிங்' இருக்கின்றன. கோர்ட் தீர்ப்பிலும் அரசாணையிலும் கண்ணில் பட்டால் 'இருந்தபோதிலும்' என்று படித்துக்கொள்ளுங்கள். நாம் எழுதத் தேவையில்லை.

ஒரு கடிதம்

நன்னிலம் பக்கம் ஒரு வீட்டில், பி.காம். படிக்கிற பெண் அப்பாவுக்காகப் பயிர்க் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுகிறாள். நவம்பர் மழையில் சம்பா மூழ்கிப்போனது, இழப்பீடு வரவில்லை. முதல் வரைவு:

"ஆல்தோ தி பிரீமியம் வாஸ் பெய்ட் ஆன் டைம், பட் வி ஹேவ் நாட் ரிசீவ்ட் தி கிளெய்ம். டிஸ்பைட் ஆஃப் மெனி கால்ஸ், நோபடி கேம். ஈவன் இஃப் தி ஃபீல்ட் வாஸ் அண்டர் வாட்டர் ஃபார் எய்ட் டேஸ், தி ரிப்போர்ட் சேஸ் நோ லாஸ்."

முதல் வரியில் 'பட்' போகவேண்டும். இரண்டாவதில் 'ஆஃப்' போகவேண்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது. 'ஈவன் இஃப்' போட்டதால் வயல் மூழ்கியதா என்பதே சந்தேகத்துக்கு இடமாகிறது: "எட்டு நாள் மூழ்கியே இருந்தாலும்கூட" என்று நிறுவனத்துக்காரர் பேசுகிற குரல் அது. மூழ்கியது உண்மை, எனவே 'ஈவன் தோ'.

கடைசியில் அவள் இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: "நோ ஆக்ஷன் வாஸ் டேக்கன், பட் தி ஆபீசர் வாஸ் பொலைட்." இலக்கணத்தில் குற்றமில்லை. இருந்தும் புகார் அங்கேயே படுத்துவிடுகிறது. 'பட்' வாக்கியத்தில் கனம் பொதுவாகப் பின்பாதிக்குத்தான் போகும். "நடவடிக்கை இல்லை, ஆனால் அவர் மரியாதையாகப் பேசினார்" என்றால் மனதில் நிற்பது மரியாதை. திருப்பிப் போட்டு "தி ஆபீசர் வாஸ் பொலைட், பட் நோ ஆக்ஷன் வாஸ் டேக்கன்" என்றால் நிற்பது நடவடிக்கை இல்லாமை.

'ஆல்தோ'வில் கனம் இடத்தைப் பொறுத்தது இல்லை, டிராக்டரைப் பொறுத்தது. முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் சார்பு வாக்கியம் பின்வாங்கி நிற்கும், முதன்மை வாக்கியம்தான் பேசும். ஆகவே ஒப்புக்கொள்ளவேண்டிய, ஆனால் பெரிதுபடுத்த விரும்பாத செய்தியை 'ஆல்தோ'வோடு மாட்டிவிடலாம். அந்தப் பெண் அனுப்பிய மின்னஞ்சலின் கடைசி வரி இப்படிப் போனது: "ஆல்தோ தி ஆபீசர் வாஸ் பொலைட், நோ ஆக்ஷன் ஹேஸ் பீன் டேக்கன் சோ ஃபார்."